செஞ்சிக்கோட்டை தெரியும் ஊர்



தோட்டப்புறத்துப் பெரியவர்களிடம், "உங்கள் பூர்வீகம் எது?" என்று கேட்டுப் பாருங்கள். சிலர் ஊரின் பெயரையும் தெருவின் பெயரையும்கூடச் சொல்வார்கள். சிலர் ஜில்லாவின் பெயரோடு நிறுத்திக்கொள்வார்கள். சேலம் ஜில்லா, திருச்சி ஜில்லா, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு என்று பதில் வரும். என் பாட்டனாரிடம் கேட்டால் அவர் சொல்லும் பதில் வேறு. "செஞ்சிக்கோட்டை தெரியும் ஊர்" என்பார். "வாசல்ல நின்னா கோட்டை மலை தெரியும்டா" என்பார். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது.

அவர் நான்கு வயதுப் பிள்ளையாக, 1920களின் இறுதியில், தம் பெற்றோருடன் கப்பலேறி வந்தவர். அவருடைய தகப்பனார் பேராக்கில் பத்து காஜாவை அடுத்த ஓர் இரப்பர்த் தோட்டத்தில் மரம் வெட்டினார். வந்த சில ஆண்டுகளிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். ஊரின் பெயரை மகன் கேட்டு வைக்கவில்லை. தகப்பனும் சொல்லி வைக்கவில்லை. ஆகவே எங்கள் குடும்பத்துக்கு மிஞ்சிய முகவரி அந்த ஒரே வரிதான்.

சென்ற 2025ஆம் ஆண்டு டிசம்பரில், ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையின்போது, எழுபத்தைந்து வயதான என் தந்தையாரை அழைத்துக்கொண்டு நான் செஞ்சிக்குச் சென்று நான்கு நாட்கள் தங்கி வந்தேன். அங்கே கண்டதையும், அந்தக் கோட்டையைப் பற்றி வரலாறு கூறுவதையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இந்தப் பயணத்துக்கு வித்திட்டவர் பாட்டனார் மட்டுமல்லர். என் வகுப்பு மாணவன் ஒருவனுக்கும் அதில் பங்குண்டு. பத்து காஜாவிலுள்ள கெல்லிஸ் காசலைப் பார்க்க மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தேன். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1915ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய மாளிகை அது. அவர் 1926இல் லிஸ்பன் நகரில் இறந்துபோக, மாளிகை முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. கட்டுமான வேலைக்குச் சென்னை மாகாணத்திலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் வரவழைக்கப்பட்டார்கள். வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில் கொள்ளைக் காய்ச்சல் பரவிப் பலர் மாண்டார்கள். தொழிலாளர்கள் கேட்டுக்கொண்டதன்பேரில் அருகிலேயே மாரியம்மன் கோயில் எழுப்பப்பட்டது. அந்தக் கோயிலின் மேல் கெல்லி துரையின் சிலையும் நிற்கிறது.

இதையெல்லாம் நான் விளக்கி முடித்ததும் அந்த மாணவன் கேட்டான்: "சார், வெள்ளைக்காரனுக்குக் கோட்டை கட்டத்தான் நாம வந்தோமா? நமக்குன்னு கோட்டை எதுவும் கிடையாதா?"

உண்டு என்று சொன்னேன். சொன்னேனே தவிர, நான் பார்த்ததில்லை. பார்க்காத ஒன்றைப் பற்றிப் பாடம் நடத்துவது ஆசிரியருக்கு அழகல்ல என்று பயிற்சிக் கல்லூரியில் எங்கள் விரிவுரையாளர் அடிக்கடி சொல்வார். ஆகவே புறப்பட்டோம்.

சென்னையிலிருந்து தெற்கே திண்டிவனம் சென்று, அங்கிருந்து மேற்கே திருவண்ணாமலைச் சாலையில் திரும்பினால் செஞ்சி வரும். சென்னையிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தூரம். இன்றைக்கு அது விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. நம் முன்னோர் கப்பலேறிய காலத்தில் தென் ஆர்க்காடு ஜில்லாவாக இருந்தது. பேருந்து திண்டிவனத்தைத் தாண்டியதுமே நிலத்தின் தோற்றம் மாறிவிடுகிறது. சமவெளியில் யாரோ கூடை கூடையாகப் பாறைகளைக் கொட்டிக் குவித்துவிட்டுப் போனதுபோல் குன்றுகள் நிற்கின்றன. நம்முடைய ஈப்போவைச் சுற்றியுள்ள சுண்ணாம்பு மலைகள் பச்சை போர்த்து நிற்பவை. இவையோ கருங்கல் மலைகள். செடிகொடி குறைவு. வெயிலில் பழுத்த பாறைகள்.

அப்பா சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். முதல் குன்று தெரிந்ததும், "இதுவா?" என்றார். இல்லை என்றேன். அடுத்ததற்கும் கேட்டார். செஞ்சியை நெருங்கியபோது, மதிலும் மண்டபமும் தலையில் சூடிய மலை ஒன்று தானாகவே கண்ணில் பட்டது. அப்போது அவர் ஒன்றும் கேட்கவில்லை. மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நேயர்களே, செஞ்சிக்கோட்டை என்பது ஒரே மலையில் இருப்பதன்று. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என மூன்று குன்றுகள் முக்கோணமாக நிற்கின்றன. மூன்றையும் இணைத்து மதில் ஓடுகிறது. அதன் மொத்த நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். மதிலுக்கு வெளியே சுமார் 80 அடி அகலமான அகழி. ராஜகிரியின் உயரம் ஏறத்தாழ 800 அடி. நம் தைப்பிங்கில் உள்ள புக்கிட் லாருட் மலையோடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்குதான். உயரம் குறைவென்று எண்ணிவிட வேண்டாம். பாறை செங்குத்தாக நிற்கிறது. ஏறும் படிகளின் வழியில் வாயிலுக்கு மேல் வாயிலாகக் காவல் வைத்திருக்கிறார்கள். உச்சிக்குச் சற்று முன்னால் மலையே பிளந்துகொண்டதுபோல் சுமார் 24 அடி அகலத்தில் ஒரு பெரும் பிளவு. அதன் ஆழம் 60 அடி. அதன்மேல் ஒரு சிறு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால், மேலே இருக்கும் பத்துப் பேர் கீழே இருக்கும் பெரும்படையைத் தடுத்து நிறுத்தலாம்.

இந்தக் கோட்டையை முதலில் கட்டியவர் யார்? 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட ஒரு தமிழ் வரலாற்று ஏடு இதற்கு ஒரு விடை கூறுகிறது. ஏறத்தாழ 1190ஆம் ஆண்டில் ஆடு மேய்க்கும் குடியைச் சேர்ந்த ஆனந்தக் கோன் என்பவர் இங்கே புதையல் ஒன்றைக் கண்டெடுத்துச் சிறு கோட்டை ஒன்றைக் கட்டினாராம். அவர் பெயரால் மலைக்கு ஆனந்தகிரி என்று பெயர் வந்ததாம். அதுவே பின்னாளில் ராஜகிரி ஆயிற்று. அவர் வழியில் வந்த கிருஷ்ணக் கோன் வடக்குக் குன்றைக் கட்ட, அது கிருஷ்ணகிரி ஆயிற்று. புதையல் கதையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் கோனார் குலத்தவர் இங்கே ஆண்டனர் என்ற நினைவு மக்களிடம் அழியாமல் இருந்திருக்கிறது. ஆடு மேய்த்தவர்கள் அரசு அமைத்தார்கள் என்பதை அந்த ஏடு மறைக்கவில்லை. பெருமையாகவே சொல்கிறது.

கோன்களுக்குப் பின் விசயநகரப் பேரரசின் ஆட்சி வந்தது. அதன் சார்பில் 16ஆம் நூற்றாண்டில் செஞ்சி நாயக்கர்கள் ஆண்டார்கள். இன்று நாம் காணும் கல்யாண மகால், நெற்களஞ்சியங்கள், வேங்கடரமணர் கோயில் ஆகியவை நாயக்கர் காலத்துப் பணிகள். கல்யாண மகால் அடுக்கடுக்காக எழுந்த கோபுரம் போன்ற கட்டடம். அதன் மாடிகளுக்குச் சுட்ட மண் குழாய்களின் வழியே தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். மலைமேல் நிற்கும் கோட்டைக்கு எதிரியைவிடப் பெரிய பகை தாகம் அல்லவா? ஆகவே பாறைப் பள்ளங்களையெல்லாம் சுனைகளாக்கி, கீழே குளங்கள் வெட்டி, மழைநீரைச் சேர்த்திருக்கிறார்கள். களஞ்சியத்துக்குள் நுழைந்தபோது அப்பா குரல் கொடுத்துப் பார்த்தார். குரல் சுற்றிச் சுற்றி வந்தது. "இது ரொம்ப ரொம்ப வருஷத்துக்கு அரிசி கொள்ளும்" என்றார். தோட்டத்து அரிசிக் கடையில் கடன் நோட்டு வைத்திருந்தவர்களுக்குத்தான் களஞ்சியத்தின் அருமை தெரியும்.

16ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிமெந்தா என்ற ஐரோப்பியப் பாதிரியார் செஞ்சிக்கு வந்தார். இந்தியாவில் தாம் கண்ட நகரங்களுள் இது மிகப் பெரிது என்றும், போர்ச்சுகல் நாட்டில் லிஸ்பனைத் தவிர வேறெந்த ஊரும் இதற்கு ஈடில்லை என்றும் அவர் எழுதி வைத்திருக்கிறார். மலையடிவாரத்தில் அவ்வளவு பெரிய நகரம் இருந்திருக்கிறது. இன்று அந்த இடத்தில் வயலும் முட்புதரும்தான்.

அதன்பின் கோட்டை கைமாறிய கதை நீளமானது. சுருக்கமாகச் சொல்கிறேன். 1649இல் பீஜப்பூர் சுல்தானின் படை கோட்டையைப் பிடித்தது. 1677இல் மராட்டிய வீரர் சிவாஜி அதைக் கைப்பற்றி மதில்களை வலுப்படுத்தினார். அவர் மறைந்தபின், மொகலாயப் பேரரசர் ஔரங்கசீப் மராட்டிய நாட்டை நெருக்கியபோது, சிவாஜியின் இளைய மகன் ராஜாராம் மாறுவேடம் பூண்டு தெற்கே ஓடிவந்து 1689இல் செஞ்சியில் புகுந்தார். மராட்டிய அரசின் தலைநகரமே சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் இருந்தது என்றால் வியப்பல்லவா? 1690இல் மொகலாயத் தளபதி சுல்பிகார் கான் கோட்டையை முற்றுகையிட்டார். முற்றுகை ஏழாண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1698இல்தான் கோட்டை விழுந்தது. அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார். வென்றவர்கள் கோட்டைக்கு நுஸ்ரத்கட் என்று பெயர் மாற்றினார்கள். பின்னால் வந்த ஐரோப்பியர் ஜிஞ்சி என்றார்கள். ஆனால் சுற்றுப்புற மக்கள் மட்டும் யார் ஆண்டாலும் செஞ்சி என்றே சொல்லி வந்தார்கள். நம் தோட்டங்களுக்கும் கம்பெனிப் பெயர் ஒன்று இருக்கும், நம் வாயில் வழங்கும் பெயர் வேறொன்று இருக்கும். அதைப் போலத்தான்.

இனி, நம்மவர்க்கெல்லாம் தெரிந்த கதைக்கு வருவோம். ராஜா தேசிங்கு கதை! நம் பெற்றோர் காலத்தில் எத்தனையோ தோட்டங்களில், கோயில் திருவிழாவின்போது, விடிய விடிய இந்தக் கூத்து நடந்திருக்கிறது. எங்கள் தோட்டத்தில் என் தந்தையாரே இளவயதில் தேசிங்கின் தோழனாக வேடமிட்டவர். கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து, நண்பனுக்காகப் போர்க்களம் போகும் வேடம். 1960இல் எம்.ஜி.ஆர். நடித்து ராஜா தேசிங்கு திரைப்படமும் வந்தது. அடங்காத குதிரையை அடக்கிய இளைஞன், நவாபுக்குப் பணியாத வீரன், இந்துவும் முசுலிமும் உயிர்த்தோழர்களாய் ஒரே களத்தில் மாண்ட கதை. இதைக் கேட்டு அழாத தாய்மார்கள் உண்டா?

வரலாறு என்ன சொல்கிறது? மொகலாயர் கோட்டையைப் பிடித்தபின் புந்தேல்கண்டைச் சேர்ந்த சொரூப்சிங் என்பவர் கோட்டைத் தலைவராக நியமிக்கப்பட்டார். அவர் இறந்ததும் 1714இல் அவருடைய மகன் தேஜ்சிங் வடக்கேயிருந்து வந்து பொறுப்பேற்றார். தேஜ்சிங் என்ற பெயரே நம் மக்கள் வாயில் தேசிங்கு ஆயிற்று. ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கப்பப் பாக்கியைக் கேட்டார். தேசிங்கு தரமுடியாது என்றார். 1714 அக்டோபரில் போர் மூண்டது. சில நூறு குதிரை வீரர்களோடு பெரும்படையை எதிர்த்த தேசிங்கு களத்தில் வீழ்ந்தார். அப்போது அவருக்கு வயது 22 என்பர். அவருடைய இளம் மனைவி உடன்கட்டை ஏறினார். அந்த அரசியின் நினைவாகவே இராணிப்பேட்டை என்ற ஊர் அமைந்தது என்று சொல்லப்படுகிறது. வெற்றிபெற்ற நவாப் கோட்டைக்குள் கட்டிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. தேசிங்கின் உடல் எரியூட்டப்பட்ட இடமென்று செட்டிக்குளத்தின் கரையைக் காட்டுகிறார்கள்.

ஆக, தேசிங்கு செஞ்சியை ஆண்டது ஓராண்டுகூட இல்லை. அவர் தமிழரும் அல்லர். 800 ஆண்டுக் கோட்டையின் கதையில் அவருக்குரிய இடம் சில மாதங்கள்தாம். குதிரை அடக்கிய கதைக்கும் ஏட்டில் சான்று இல்லை.

இதை நான் செட்டிக்குளக் கரையில் நின்று அப்பாவிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று பிறகு தோன்றியது. அவர் முகம் சுருங்கிவிட்டது. சற்று நேரம் கழித்து, "அப்போ நாங்க ஆடுனது பொய்யா தம்பி?" என்று கேட்டார்.

என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அன்றிரவு விடுதியில் படுத்துக்கொண்டு யோசித்தேன். மறுநாள் காலை, பேருந்து நிலையத்துக்கு எதிரே இட்டலி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னேன்: "பொய் இல்லைப்பா. தேசிங்கு இருந்தார். சண்டை நடந்தது. சின்ன வயசிலேயே செத்தார். இவ்வளவும் ஏட்டிலும் இருக்கு, பாட்டிலும் இருக்கு. ஏன் அவரை மட்டும் சனங்க இவ்வளவு நாள் பாடுனாங்கன்றதுதான் ஏட்டில இல்லை. அது உங்களுக்குத்தான் தெரியும்."

அவர் இட்டலியைப் பிட்டபடியே சொன்னார்: "கேட்டதைக் கொடுக்க மாட்டேன்னு ஒருத்தன் சொன்னான்ல. அதுக்குத்தான்."

நேயர்களே, துரைக்கும் கிராணிக்கும் முன்னால் கைகட்டி நின்ற ஒரு தலைமுறை, இரவில் கூத்து மேடையில் ஏறி "தரமாட்டேன்" என்று முழங்கியது எதற்காக என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. வரலாற்று ஏடு நடந்ததைச் சொல்லும். கதைப்பாட்டு, நடந்ததை மக்கள் எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்பதைச் சொல்லும். இரண்டையும் கேட்க வேண்டும். ஆனால் ஒன்றை மற்றொன்று என்று மயங்கிவிடக் கூடாது.

செஞ்சியின் கதையில் பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. பாண்டிச்சேரி இங்கிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தூரம்தான். 1750 செப்டம்பரில் புஸ்ஸி என்ற பிரெஞ்சுத் தளபதி சிறு படையோடு வந்து, வாயிற்கதவை வெடிவைத்துத் தகர்த்து, ஒரே இரவில் கோட்டையைப் பிடித்தார். மொகலாயருக்கு ஏழாண்டுக்கு மேல் பிடித்த வேலை! மதில் அதே மதில்தான். மலையும் அதே மலைதான். காவல் நின்றவர்களின் உறுதிதான் குறைந்திருந்தது. கல்லால் மட்டும் கோட்டை நிற்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் பத்தாண்டுகளுக்கு மேல் இங்கே இருந்தார்கள். காய்ச்சல் அவர்களுடைய சிப்பாய்கள் பலரைக் கொண்டுபோயிற்று. 1761 ஜனவரியில் பாண்டிச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் செஞ்சியும் பணிந்தது. 1780இல் ஐதர் அலி சிறிது காலம் பிடித்து வைத்திருந்தார். அந்தப் போர் முடிந்தபின் கோட்டைக்கு வேலை இல்லாமற் போயிற்று.

பிரெஞ்சுக்காரர்கள் போகும்போது வெறுங்கையோடு போகவில்லை. வேங்கடரமணர் கோயிலின் உயர்ந்த கல்தூண்களைப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சுற்றி நிற்கும் அழகிய தூண்கள் செஞ்சியிலிருந்து போனவையே. நாங்கள் பாண்டிச்சேரிக்கும் ஒரு நாள் போய்வந்தோம். அப்பா ஒரு தூணைத் தடவிப் பார்த்து, "இதுவும் நம்மளப்போல இடம் மாறி வந்தது" என்றார்.

அதே பாண்டிச்சேரியில் வாழ்ந்த ஒரு தமிழரைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். அவர் ஆனந்தரங்கப் பிள்ளை. பிரெஞ்சுக் கவர்னர் துய்ப்ளேயிடம் தலைமைத் துபாசியாக இருந்தவர். துபாசி என்றால் இரு மொழி அறிந்து இருதரப்புக்கும் இடையே காரியம் பார்ப்பவர். 1736ஆம் ஆண்டு முதல் தம் வாழ்நாளின் இறுதிவரை, கண்டதையும் கேட்டதையும் தமிழில் நாட்குறிப்பாக எழுதி வந்தார். கப்பல் வந்தது, விலை ஏறியது, கவர்னர் கோபித்தது, படை புறப்பட்டது, எல்லாம் அதில் இருக்கிறது. பாண்டிச்சேரி வீழ்ந்த அதே 1761 ஜனவரியில் அவரும் மறைந்தார். அவருடைய ஏடுகள் 80 ஆண்டுகளுக்கு மேல் கவனிப்பாரின்றிக் கிடந்து, 1846இல் கண்டெடுக்கப்பட்டன. இன்று அந்தக் காலத் தென்னிந்தியாவைப் பற்றி எழுதும் எவரும் அவரைப் படிக்காமல் எழுத முடியாது. கவர்னர்கள் தங்கள் அரசுக்கு எழுதிய கடிதங்களோடு, ஒரு தமிழர் தமக்காக எழுதி வைத்த குறிப்பும் சமமாக நிற்கிறது.

மூன்றாம் நாள் ராஜகிரியில் ஏறினோம். காலை நேரம். முந்திய இரவு மழை பெய்து படிகள் கழுவிவிட்டதுபோல் இருந்தன. வழியெங்கும் குரங்குகள். பாதி வழியில் கமலக்கன்னி அம்மன் கோயில் இருக்கிறது. அதுவரை அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். அதற்கு மேல் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அங்கே இருந்த காவலாளி ஒருவர், "பெரியவரே, நீங்க இங்கயே உக்காருங்க. மேல காத்து வேற பலமா இருக்கும். எங்கேருந்து வர்றீங்க?" என்றார். மலேசியா என்றோம். "சொந்த ஊரு?" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு, "இந்தக் கோட்டை தெரியும் ஊர்" என்றார்.

காவலாளி சிரிக்கவில்லை. "அப்படின்னா நெறைய ஊர் இருக்குங்களே" என்று மட்டும் சொன்னார்.

நான் தனியாக ஏறினேன். பாலத்தைக் கடந்து, உச்சியிலுள்ள அரங்கநாதர் கோயிலையும் மணிக்கூண்டையும் பார்த்துவிட்டு மதில் ஓரமாக நின்றேன். காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. கீழே வட்டமாக நிலம் விரிந்து கிடந்தது. ஏரிகள், நெல்வயல்கள், பனைமரங்கள், அவற்றுக்கு நடுவே ஊர்கள். ஓட்டு வீடுகளும் மாடி வீடுகளும் கோயில் கோபுரங்களுமாக எத்தனையோ ஊர்கள். எண்ணத் தொடங்கினேன். இருபதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். கோட்டை தெரியும் ஊர் என்றால், கோட்டையிலிருந்து தெரியும் ஊர் எல்லாமே அதுதானே! அவற்றுள் ஏதோ ஒன்றிலிருந்துதான் நான்கு வயதுப் பிள்ளை ஒன்று தகப்பன் தோளில் உட்கார்ந்து புறப்பட்டது. திரும்பிப் பார்த்திருக்கும். இந்த மலை கண்ணிலிருந்து மறையும்வரை பார்த்திருக்கும். ஆகவேதான் ஊரின் பெயர் மறந்தும் மலை மறக்கவில்லை.

ஏன் புறப்பட்டார்கள்? தென் ஆர்க்காடு மழையை நம்பிய பூமி. ஏரி வற்றினால் சோறில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பெரும்பஞ்சத்தின் நினைவு அடுத்த தலைமுறைகளையும் விடவில்லை. சொந்த நிலமில்லாதவர்களுக்குச் சாதியின் கொடுமையும் சேர்ந்திருந்தது. அந்த நேரத்தில் அக்கரையிலிருந்து கங்காணி வந்தான். மலாயாவில் இரப்பர் மரங்கள் வளர்ந்துகொண்டிருந்தன. 1877இல் நட்ட ஆதி மரங்களுள் ஒன்று நம் கோலகங்சாரில் இன்றும் நிற்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். 1907இல் குடியேற்ற நிதி ஏற்பட்டபின் கப்பல் செலவை அந்த நிதி ஏற்றது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்களில் தங்க வைத்து, பினாங்குக்குக் கப்பலேற்றினார்கள். 1938இல் இந்திய அரசு தடைவிதிக்கும்வரை இது தொடர்ந்தது. செஞ்சிக்கோட்டையின் நிழலிலிருந்து கோலக்கங்சார், சுங்கை சிப்புட், பத்து காஜா, தாப்பா தோட்டங்களுக்கு வந்தவர்கள் இப்படித்தான் வந்தார்கள்.

நான் கீழே இறங்கி வந்தபோது அப்பா எழுந்து நின்றார். "நம்ம ஊர் தெரிஞ்சதா?" என்றார்.

"தெரிஞ்சதுப்பா" என்றேன். "எல்லா ஊரும் தெரிஞ்சது."

அவர் தலையசைத்தார். காவலாளியிடம் ஒரு தாளில் கொஞ்சம் மண் கேட்டு வாங்கி வைத்திருந்தார். அதை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு இருவரும் மெதுவாக இறங்கினோம்.

நேயர்களே, பழைய கோட்டைகளும் ஊர்களும் தாமாகவே காப்பாற்றப்படுவதில்லை. பிரான்சு நாட்டின் தெற்கே கார்க்காசோன் என்ற ஊர் இருக்கிறது. குன்றின்மேல் இரட்டை மதிலோடு அமைந்த நடுக்காலத்து நகரம். 1849இல் அதன் மதில்களை இடித்துவிட அரசு முடிவு செய்தது. ஊர்க்காரர்கள் எதிர்த்து எழுந்தார்கள். அவ்வூரில் பிறந்த வரலாற்று அறிஞர் ஒருவர் முன்னின்று வாதாடினார். முடிவு கைவிடப்பட்டது. 1853இல் பழுதுபார்க்கும் வேலை தொடங்கியது. 1997இல் அது உலக மரபுச் சின்னமாயிற்று. செஞ்சியோ 1921இல் பாதுகாக்கப்பட்ட தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2025 ஜூலையில், மராட்டியர் இராணுவ நிலப்பரப்பு என்ற பெயரில் 12 கோட்டைகள் உலக மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது, தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி அதில் இடம்பெற்றது.

நம் தோட்டங்களுக்கு அப்படி யார் வாதாடினார்கள்? விடுதலைக்குப் பின் பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, 1960இல் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு வாங்கினார்கள். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சொந்தமாக வாங்கினார்கள். பால்மரம் வெட்டியவர்களின் காசில் எழுந்த கோட்டை அது. ஆனால் எல்லாத் தோட்டத்துக்கும் அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. நான் பிறந்த தோட்டம் இன்று இல்லை. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் இடிந்தன. பெரட்டுக் களம் இருந்த இடத்தில் புல் மண்டியிருக்கிறது. கோயில் மட்டும் ஒதுங்கி நிற்கிறது. நான் படித்த பள்ளி வேறிடம் போய்விட்டது.

அங்கே 90 ஆண்டுகள் மக்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கு எழுத்தில் என்ன இருக்கிறது? கம்பெனிக் கணக்கில் இருக்கலாம். நம் கையில் என்ன இருக்கிறது? என் பாட்டனார் ஊரின் பெயரைத் தவறவிட்டார் என்று வருந்தினேன். நாளை என் பேரப்பிள்ளை, "தாத்தா பிறந்த தோட்டம் எது?" என்று கேட்டால், "மலை தெரியும் தோட்டம்" என்றுதானே சொல்லப்போகிறான்?

ஊர் திரும்பியதும் நானும் என் மாணவர்களும் ஒரு வேலையைத் தொடங்கினோம். ஒவ்வொருவரும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார்கள். வீட்டிலுள்ள மூத்தவரிடம் உட்கார்ந்து கேட்கிறார்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிசன், லயத்தில் எத்தனையாம் வீடு, எந்தக் கங்காணியோடு வந்தார்கள், அங்கே யார் கூத்தாடினார்கள், கிணறு எங்கே இருந்தது, தோட்டத்துக்கு நாம் வைத்த பெயர் என்ன, கம்பெனி வைத்த பெயர் என்ன. கேட்டதை, கேட்ட நாளோடு எழுதுகிறார்கள். மறந்துபோனதை மறந்துபோனதாகவே எழுதச் சொல்லியிருக்கிறேன். கற்பனை செய்து நிரப்பக் கூடாது என்பது எங்கள் வகுப்பின் விதி.

"நமக்குன்னு கோட்டை கிடையாதா?" என்று கேட்ட மாணவன் தன் பாட்டியிடம் மூன்று மாலைகள் உட்கார்ந்து பதினோரு பக்கம் எழுதி வந்திருக்கிறான். முதல் வரியாக அவன் எழுதியிருப்பது பாட்டி பிறந்த தோட்டத்தின் பெயர்.

உங்கள் வீட்டிலும் ஒரு மூத்தவர் இருப்பார். இன்று மாலை வேலை முடிந்து, தேநீர் குடிக்கும் நேரத்தில் அவர் பக்கத்தில் உட்காருங்கள். முதலில் ஊரின் பெயரைக் கேளுங்கள்.